ஆற்றில் விட்ட நஞ்சும் நீதிமன்றம் சென்ற மக்களும்

(கடற்றொழிலாளரும் விவசாயிகளும் திரளாகக் கூடியிருந்த கூட்டமொன்றில், சட்டத்தரணியும் அரசியல் அமைப்பாளருமாகிய அன்பர் ஒருவர் ஆற்றிய உரையின் முழு வடிவம்)



மொழியுரிமை பற்றியும் காணியுரிமை பற்றியும் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு என் பேச்சு ஏமாற்றமாக இருக்கக்கூடும். யப்பான் தேசத்தின் இரண்டு ஆறுகளைப் பற்றியும், அவற்றின் நீரையும் மீனையும் நம்பி வாழ்ந்த ஏழை மக்கள், தம்மைவிட ஆயிரம் மடங்கு பலம் பொருந்திய கம்பெனிகளோடு வழக்காடி எப்படி வென்றார்கள் என்பது பற்றியும் பேசப்போகிறேன். "அது சுகாதார இலாகாவின் காரியம், அரசியல்வாதிக்கு அதில் என்ன வேலை?" என்று ஒரு நண்பர் வரும் வழியில் கேட்டார். குடிக்கும் நீரையும் உண்ணும் மீனையும் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைவிட அரசியலான கேள்வி வேறொன்று உண்டா என்று நான் அவரைத் திருப்பிக் கேட்டேன்.

முதலில் இந்த உலோக நஞ்சின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் விழும் இலை அழுகும், சாணம் அழுகும், சில காலத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். பாதரசமும் கட்மியமும் ஈயமும் அப்படி அழுகுவனவல்ல. அவை ஆற்றின் அடிச் சேற்றில் தங்கும். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெதைல் பாதரசம் என்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றும். அதை உட்கொள்ளும் சிற்றுயிர்களைச் சிறு மீன் தின்னும். சிறு மீனைப் பெரு மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிந்துகொண்டே போகும். தண்ணீரில் கண்டறிவதற்கே அரிதான அளவில் இருப்பது, பெரிய மீனின் தசையில் பல இலட்சம் மடங்கு செறிந்து நிற்கும். தண்ணீரைப் பரிசோதித்து "நீர் தூயது" என்று ஒரு உத்தியோகத்தர் கையொப்பமிட்டுத் தரலாம்; அவர் பொய் சொல்லவில்லை; ஆனால் அந்த நீரில் பிடித்த மீன் நஞ்சாக இருக்கலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கெட்டுப்போன மீனை உங்கள் மூக்கும் விரலும் கண்டுபிடித்துவிடும். பாதரசம் ஏறிய மீனோ செவுள் சிவந்து, கண் தெளிந்து, நல்ல மீனாகவே தோன்றும். நஞ்சு தசையின் புரதத்தோடு பிணைந்திருப்பதால், எத்தனை தண்ணீரில் கழுவினாலும், புளியும் மிளகாயும் கூட்டி எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அது போகாது.

மினமாதாவில் நடந்தது

யப்பானின் தென்பகுதியில், கியூஷு தீவின் குமமோதோ மாகாணத்தில் மினமாதா என்றொரு கரையோரப் பட்டினம் உண்டு. அங்கே சிஸ்ஸோ என்னும் இரசாயனக் கம்பெனி 1932ஆம் ஆண்டு தொடங்கி 1968 வரை பாதரசத்தை உபயோகித்து அசற்றல்டிகைட்டு என்ற பொருளை உற்பத்தி செய்து, கழிவைக் கடலில் விட்டுவந்தது. 1950ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் அவ்வூர்ப் பூனைகள் பித்துப்பிடித்தாற்போல ஆடிச் செத்தன. பின்னர் மனிதருக்கு வந்தது. வாயைச் சுற்றியும் கை கால்களிலும் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல், குழாய் வழியாகப் பார்ப்பதுபோலப் பார்வை ஒடுங்குதல். கம்பெனியின் சொந்த வைத்தியசாலைக்குப் பொறுப்பாக இருந்த ஹொசொகாவா என்ற வைத்தியரே 1956 மே முதலாந் தேதி, இன்னதென்று அறியப்படாத மூளை நோய் பரவுகிறது என்று சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார்.

அவருக்குத் தம் எசமானர்கள் மீதே சந்தேகம் எழுந்தது. 1959இல் ஆலைக் கழிவைப் பூனையொன்றின் உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். பரிசோதனைப் புத்தகத்தில் அந்தப் பூனையின் இலக்கம் 400. ஒக்டோபர் மாதத்தில் அதற்கு அதே நோய் கண்டது. கம்பெனி நிர்வாகம் அந்த முடிவை வெளியே விடவில்லை. பத்து வருடங்களுக்கு மேல் அது மறைந்துகிடந்தது. 1970இல், நோய்ப் படுக்கையில் இருந்தபடியே, வழக்கில் சாட்சியமளித்து அந்த உண்மையைச் சொல்லிவிட்டு, சில மாதங்களில் அவர் இறந்தார்.

அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1957இல், உணவுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டு அந்தக் குடாவின் மீன் விற்பனையைத் தடைசெய்யலாமா என்று மாகாண நிர்வாகம் டோக்கியோவிலுள்ள சுகாதார மந்திரி அலுவலகத்தைக் கேட்டது. குடாவில் உள்ள மீன்கள் எல்லாமே நஞ்சானவை என்பதற்குத் தெளிவான அத்தாட்சி இல்லை; ஆகையால் அந்தச் சட்டத்தைப் பிரயோகிக்க முடியாது என்று பதில் வந்தது. சட்டம் படித்தவன் என்ற முறையில் இந்தப் பதிலை நான் பல தடவை படித்துப் பார்த்திருக்கிறேன். கடலில் உள்ள மீன் ஒவ்வொன்றையும் பிடித்துப் பரிசோதித்த பின்பே தடை விதிக்கலாம் என்றால், சட்டம் மக்களைக் காப்பதற்கா, மீன் சந்தையைக் காப்பதற்கா?

நாம் மாகாணத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று கேட்பவர்கள். எனவே இந்தக் கதையில் டோக்கியோவை மட்டும் குற்றஞ்சாட்டுவது நமக்கு வசதியாக இருக்கும். ஆனால் முழு உண்மை அதுவல்ல. 2004 ஒக்டோபர் 15ஆந் தேதி யப்பான் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், மத்திய அரசாங்கம் மாத்திரமல்ல, குமமோதோ மாகாண நிர்வாகமும் பொறுப்பாளியே என்று கூறப்பட்டது. மாகாணத்தின் கையில் மீன்பிடி ஒழுங்குவிதிகள் இருந்தன, 1959 முடிவுக்குள் அது அவற்றைப் பிரயோகித்திருக்க வேண்டும், பிரயோகிக்கவில்லை. அதிகாரம் நம் ஊருக்கு வந்தபின் அதை ஏந்தும் கை நடுங்குமானால் என்ன ஆகும் என்பதையும் நாம் இப்போதே யோசித்து வைக்க வேண்டும்.

1959 நொவெம்பர் 2ஆந் தேதி பொறுமையிழந்த மீனவர்கள் சிஸ்ஸோ ஆலைக்குள் புகுந்து கண்ணாடிகளையும் இயந்திரங்களையும் உடைத்தார்கள். அவர்களுடைய தலைவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது. நஞ்சை விட்ட கம்பெனியின் முன்னாள் தலைவர் மீதும் ஆலை அதிபர் மீதும் குற்றப்பத்திரம் தாக்கலானது 1976இல். குற்றவாளிகளாகக் காணப்பட்டது 1979இல். மேன்முறையீடுகள் முடிந்தது 1988இல். விதித்த இரண்டு வருடச் சிறைத் தண்டனையும் ஒத்திவைக்கப்பட்டது. கண்ணாடி உடைத்தவனைத் தேடிச் சட்டம் ஓடிய வேகத்தையும், கழிவு விட்டவனை நோக்கி அது நடந்த நடையையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கையொப்பத்தின் விலை

அதே 1959ஆம் வருடம் டிசெம்பர் 30ஆந் தேதி ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இன்றைய என் பேச்சில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள். நட்டஈடு என்ற சொல்லைக் கம்பெனி அதில் எழுதவிடவில்லை. "அனுதாபப் பணம்" என்று எழுதினார்கள். இறந்தவருக்கு மூன்று இலட்சம் யென்; உயிரோடு கிடந்து வருந்தும் பெரியவருக்கு வருடத்துக்கு ஒரு இலட்சம்; குழந்தைக்கு வருடத்துக்கு முப்பதினாயிரம். அதன் பிரிவுகளுள் ஒன்று, பிற்காலத்தில் ஆலைக் கழிவே நோய்க்குக் காரணம் என்று நிரூபணமானாலும், நோயாளிகள் மேற்கொண்டு எதுவும் கோரமாட்டார்கள் என்று கூறியது. பூனையின் இரகசியம் பெட்டிக்குள் பூட்டியிருந்தபோது, காரணத்தை அறிந்தவன் அறியாதவனிடம் வாங்கிய கையொப்பம் அது. வருடக் கடைசி, வீட்டில் அரிசி இல்லை, கட்டிலில் பிள்ளை. அவர்கள் ஒப்பமிட்டார்கள். அவர்களை நான் குறைகூறமாட்டேன்.

1973 மார்ச் 20ஆந் தேதி குமமோதோ மாவட்ட நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்தது. நோயாளிகளின் வறுமையையும் அறியாமையையும் பயன்படுத்தி, அற்பத் தொகைக்கு அவர்களுடைய உரிமையைப் பறித்த ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு விரோதமானது. ஆகவே செல்லாது என்பது தீர்ப்பு. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அந்த ஒரு தாளைச் செல்லாதாக்கப் பதின்மூன்று வருடங்களுக்கு மேல் சென்றன. ஒப்பமிட்டவர்களில் பலர் அதற்குள் மாண்டுபோனார்கள்.

அதே டிசெம்பரில் கம்பெனி கழிவு சுத்திகரிக்கும் யந்திரம் ஒன்றை ஆடம்பரமாகத் திறந்துவைத்தது. சுத்திகரித்த நீர் என்று சொல்லிக் கம்பெனித் தலைவர் ஒரு கிளாஸ் நீரை எல்லாரும் பார்க்கக் குடித்துக் காட்டினார். பாதரசத்தை அகற்றுவதற்காக அந்த யந்திரம் அமைக்கப்படவேயில்லை என்பது பின்னால் வெளிப்பட்டது. மேடையில் நீர் குடித்துக் காட்டும் பெரிய மனிதர்களை அதன்பின் நான் சற்றுக் கவனமாகவே பார்க்கிறேன்.

அகானோ ஆற்றங்கரை மக்கள்

மினமாதாவில் உண்மை மூடப்பட்டதன் விலையை வேறொரு ஊர் கொடுத்தது. வடக்கே நீகாத்தா மாகாணத்தில் அகானோ என்ற பெரிய ஆறு ஓடுகிறது. 1965 ஜூன் மாதத்தில், அதன் கீழ்ப்பகுதிக் கிராமங்களில் மினமாதா நோயைப் போன்ற நோய் கண்டிருப்பதாக நீகாத்தா சர்வகலாசாலைப் பேராசிரியர் த்சுபாகியும் மாகாண நிர்வாகமும் அறிவித்தார்கள். நோயுற்றவர்கள் ஆற்று மீனை விரும்பி உண்டவர்கள். பலர் வயலும் செய்து, மீனும் பிடித்துச் சீவித்தவர்கள். ஏறத்தாழ 60 கிலோமீற்றருக்கு மேலே, மலையடிவாரத்தில், கனோசே என்னுமிடத்தில் ஷோவா டென்கோ கம்பெனியின் ஆலை இருந்தது. சிஸ்ஸோ செய்த அதே உற்பத்தி, அதே பாதரசம், அதே கழிவு.

மக்களின் தலைமயிரைப் பரிசோதித்தார்கள். உடம்பில் ஏறிய பாதரசத்தை மயிர் காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில், பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் பாதரசம் காணப்பட்டவர்களைக் கருத்தரிக்க வேண்டாம் என்று மாகாண நிர்வாகம் கேட்டுக்கொண்டது. ஏனென்று கேட்டால், மினமாதாவில் ஹராடா என்ற இளம் வைத்தியர் அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே ஒரு கொடிய உண்மையைக் கண்டிருந்தார். நஞ்சு தாயின் கருப்பையைத் தாண்டிச் சிசுவுக்குச் செல்லாது என்றுதான் அதுவரை வைத்திய உலகம் நம்பியிருந்தது. மீனே தின்றறியாத குழந்தைகள் நோயோடு பிறப்பதற்குக் காரணம், தாய் உண்ட நஞ்சு சிசுவிடம் போய்ச் சேர்வதே என்று அவர் காட்டினார்.

அகானோ மக்கள் எளிதில் வழக்குக்கு எழுந்துவிடவில்லை. இந்த வீட்டில் அந்த நோய் இருக்கிறது என்று தெரிந்தால் பெண்ணைக் கட்ட யாரும் வரமாட்டார்கள். பிடித்த மீனை ஒருவரும் வாங்கமாட்டார்கள். நோயை மறைத்தார்கள். நம் ஊரிலும் கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் எதையெல்லாம் மறைப்போம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இப்படி மறைக்கப்படும் ஒவ்வொரு நோயாளியும் கம்பெனியின் கணக்கில் ஓர் இலாபம். அந்த வெட்கத்தை வென்று, 1967 ஜூன் 12ஆந் தேதி சில குடும்பங்கள் வழக்கைத் தாக்கல் செய்தன. தொழிற்சாலைக் கழிவால் உண்டான பெரு வழக்குகள் நான்கு என்று யப்பானில் சொல்வார்கள். அவற்றுள் முதலில் தொடுக்கப்பட்டது இதுவே. வரவர வழக்காளிகள் 77 பேராயினர்.

கம்பெனியின் எதிர்வாதத்தைக் கேளுங்கள். 1964 ஜூனில் நீகாத்தாவில் பெரிய பூமியதிர்ச்சி ஏற்பட்டது. துறைமுகக் களஞ்சியங்களில் இருந்த விவசாயக் கிருமிநாசினிகள் அப்போது கடலில் கலந்து, உப்புநீரோடு ஆற்றுக்குள் ஏறி மீனை நஞ்சாக்கின என்றார்கள். ஆறு மேலிருந்து கீழே ஓடுகிறது. கம்பெனியின் நஞ்சு மட்டும் கீழிருந்து மேலே ஓடியதாம்! இந்த வாதத்துக்கு ஆதரவாக அறிஞர் சாட்சியமும் கொண்டுவந்தார்கள். கனோசே ஆலையின் வடிகால் வாயிலிலுள்ள பாசியில் மெதைல் பாதரசம் கண்டறியப்பட்டிருந்தது. ஆலைக்குள் போய்ப் பார்க்கலாமென்றாலோ, 1965 சனவரியிலேயே அந்த உற்பத்தி நிறுத்தப்பட்டு, யந்திரங்கள் கழற்றப்பட்டு, உற்பத்தி முறையை விளக்கும் வரைபடங்களும் அழிக்கப்பட்டிருந்தன.

இங்கேதான் சட்டத்தின் முடிச்சு இருக்கிறது. வழக்குச் சொல்பவனே அதை நிரூபிக்க வேண்டும் என்பது எல்லா நாட்டுச் சட்டத்துக்கும் பொதுவான விதி. நமது 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 101ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆலைக்குள் எந்தக் குழாயில், எந்த நாளில், எவ்வளவு பாதரசம் எப்படி உருமாறி வெளியேறியது என்பதை ஆற்றங்கரைக் குடியானவன் எவ்விதம் நிரூபிப்பான்? அவனை வாசற்காவலன் உள்ளே விடவும் மாட்டான்.

1971 செப்டெம்பர் 29ஆந் தேதி நீகாத்தா மாவட்ட நீதிமன்றம் அந்த முடிச்சை அவிழ்த்தது. இத்தகைய வழக்கில் மூன்று கண்ணிகள் உண்டு என்றது. நோய் எது, அதை உண்டாக்கும் பொருள் எது என்பது ஒன்று. அந்தப் பொருள் எந்த வழியாக நோயாளியை வந்தடைந்தது என்பது மற்றொன்று. ஆலைக்குள் அது எவ்வாறு உண்டாகி வெளியேறியது என்பது மூன்றாவது. வழக்காளிகள் முதலிரண்டையும் சூழ்நிலைச் சான்றுகளால் நிலைநாட்டி, நஞ்சின் தடத்தைத் தொழிற்சாலையின் வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் போதும். வாசலுக்கு உள்ளே நடந்தது கம்பெனிக்குத்தான் தெரியும். நஞ்சு தன்னிடமிருந்து வரவில்லை என்பதைக் கம்பெனியே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிடில் அது அங்கிருந்தே வந்ததென்று அனுமானிக்கப்படும். பூமியதிர்ச்சிக் கதை நிராகரிக்கப்பட்டது. அது மாத்திரமன்று: மிகச் சிறந்த சாதனங்களைக் கொண்டும் மனித உயிருக்கு நேரும் ஆபத்தைத் தடுக்க முடியாதென்றால், உற்பத்தியைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிய கடமை கம்பெனிக்கு உண்டென்றும் நீதிபதிகள் சொன்னார்கள். கம்பெனி மேன்முறையீடு செய்யவில்லை.

சட்டம் பயிலும் வாலிபர்கள் இக்கூட்டத்தில் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்று சொல்கிறேன். நமது அதே சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். ஒரு விஷயம் ஒருவருடைய விசேஷ அறிவுக்குள் இருக்குமானால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அவரையே சாரும் என்று அது கூறுகிறது. நீகாத்தா தீர்ப்பின் வித்து நமது சட்டப் புத்தகத்திலேயே கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதை முளைக்கவைப்பது உங்கள் தலைமுறையின் வேலை.

ஜின்சூ: வென்றபின் செய்தது

மற்ற ஆறு தொயாமா மாகாணத்தின் ஜின்சூ. இங்கே நஞ்சு கட்மியம். மேலே கமியோகாவிலுள்ள மிட்சுயி கம்பெனியின் சுரங்கத்திலிருந்து ஆற்றில் இறங்கி, வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்ந்து, நெல்லில் ஏறியது. வருந்தியவர்கள் பெரும்பாலும் பல பிள்ளைகளைப் பெற்ற நடுவயதுப் பெண்கள். எலும்பு மெலிந்து, இருமினாலும் முறிந்தது. அவர்கள் "இத்தாய், இத்தாய்" என்று அலறியதே நோயின் பெயராயிற்று. "வலிக்கிறது, வலிக்கிறது" என்பது அதன் பொருள். ஹாகினோ என்ற ஊர் வைத்தியர் சுரங்கக் கழிவே காரணம் என்று சொன்னபோது பலர் அவரை ஏளனம் செய்தார்கள். 1968இல் வழக்குத் தாக்கலாகி, 1971 ஜூன் 30இல் மக்கள் வென்றார்கள். 1972 ஓகஸ்ட் 9இல் மேன்முறையீட்டிலும் வென்றார்கள்.

இந்த வழக்கில் என்னைக் கவர்வது தீர்ப்பன்று. தீர்ப்புக்கு மறுநாள் நடந்த காரியம். நோயாளிகளும் விவசாயிகளும் அவர்களுடைய சட்டத்தரணிகளும் டோக்கியோ சென்று, கம்பெனியின் தலைமைக் காரியாலயத்தில் அமர்ந்து, மூன்று பத்திரங்களில் ஒப்பம் வாங்கினார்கள். ஒன்று, வழக்காடாத நோயாளிகளுக்கும் நட்டஈடு. இன்னொன்று, நஞ்சேறிய வயல்களைச் செப்பனிட்டுக் கொடுத்தல். மூன்றாவது, குடிமக்களும் அவர்கள் அழைத்துவரும் விஞ்ஞானிகளும் எந்நேரமும் சுரங்கத்துள் சென்று பரிசோதிக்கலாம், செலவு கம்பெனியுடையது. நீகாத்தா குடியானவனை நிறுத்தி வைத்த வாசல், ஜின்சூ குடியானவனுக்கு ஒப்பந்தத்தால் திறந்தது! அதன்பின் வருடந்தோறும் மக்கள் சுரங்கத்துள் போய்ப் பார்த்துவந்தார்கள். ஆற்றிலுள்ள கட்மியம் இயற்கையான அளவுக்குக் கிட்டத்தட்டக் குறைந்துவிட்டது. வயல்களைச் செப்பனிடும் வேலை மட்டும் 2012 வரை நீண்டது. 863 ஹெக்டேயர் நிலத்தின் மண்ணை மாற்றியமைத்தார்கள்.

தீர்ப்பு வந்ததும் மாலை போட்டுக்கொண்டு கலைந்துபோகும் வழக்கம் நம் இயக்கங்களில் உண்டு. ஜின்சூ விவசாயிகள் கலையவில்லை. அவர்களை ஒத்த அமைப்பு நம்மிடம் எத்தனை உண்டு என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

தொழிலாளர் தலைவர்களும் இங்கு வந்திருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். சிஸ்ஸோ ஆலைத் தொழிலாளர் பல காலம் மௌனமாக இருந்தார்கள். பிழைப்பு அங்கேதானே. 1968 ஓகஸ்டில் அவர்களுடைய பழைய சங்கம், நோயாளிகளுக்காக இதுவரை ஒன்றும் செய்யாதிருந்தது மனிதராகிய நமக்கும் தொழிலாளராகிய நமக்கும் வெட்கம் என்று பகிரங்கமாகத் தீர்மானம் நிறைவேற்றி, நோயாளிகளின் பக்கம் நின்றது.

கனடாவின் பூர்வீகக் குடிகள்

செல்வந்த நாடுகளில் இப்படி நடக்காது என்று எண்ணுபவர்கள் கனடாவைப் பார்க்கலாம். ஒன்ராறியோ மாகாணத்தில் ட்ரைடன் என்னும் ஊரிலிருந்த கடதாசி ஆலையின் இரசாயனப் பகுதி, 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9 தொன் பாதரசத்தை வபிகூன் ஆற்றில் விட்டது. ஆற்றின் கீழே கிராசி நரோஸ், வைற்டோக் என்ற இரண்டு கிராமங்கள். குடிகள் அனிசினாபே என்னும் பூர்வீக இனத்தார். 1873இல் பிரித்தானிய முடியோடு செய்த உடன்படிக்கையின்படி மீன்பிடிக்கும் உரிமை பெற்றவர்கள். 1970இல் நஞ்சு வெளிப்பட்டதும் வர்த்தக மீன்பிடி மூடப்பட்டது. ஒரு நாளில் முழு ஊரும் வேலையிழந்தது. உரிமை தாளில் இருந்தது. உண்ணத்தக்க மீன் ஆற்றில் இல்லை. 1975இல் மினமாதாவின் ஹராடா வைத்தியர் அங்கே சென்று மக்களைப் பரிசோதித்தார். அந்த ஊரார் மினமாதா சென்று நோயாளிகளைக் கண்டு வந்தார்கள். மந்திரிகள் கைகொடுக்கத் தயங்கிய காலத்தில், ஒரு மீனவர் கூட்டம் கடல் கடந்து இன்னொரு மீனவர் கூட்டத்துக்குக் கைகொடுத்தது. நட்டஈட்டுத் தீர்வு வந்தது 1985இல்; ஆற்றைச் சுத்தம் செய்ய 850 இலட்சம் டொலர் ஒதுக்குவதாக மாகாண அரசாங்கம் வாக்களித்தது 2017இல். நச்சு நீரை விட்டது எட்டே வருடம். கணக்குத் தீர்ப்பதற்கு அரை நூற்றாண்டும் போதவில்லை.

யப்பானிலும் கணக்கு முடிந்துவிடவில்லை. மினமாதா நோயாளி என்று அரசாங்கம் முறைப்படி அங்கீகரித்தோர், இரு பிரதேசங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 3000 பேர். நிராகரிக்கப்பட்டவர்கள் பல ஆயிரம். 1977இல் வகுத்த கடுமையான அளவுகோலே காரணம். 2023 செப்டெம்பரில் ஒசாக்கா மாவட்ட நீதிமன்றம் 128 வழக்காளிகளையும் நோயாளிகளென்று ஏற்றது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 2024 மே முதலாந் தேதி, நினைவு வைபவத்துக்குப் பின் சுற்றாடல் மந்திரியோடு நோயாளிகள் பேசும் கூட்டம் நடந்தது. ஒருவருக்கு மூன்று நிமிஷம். மனைவியை இழந்த முதியவர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே உத்தியோகத்தர்கள் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்து, சில நாட்களில் மந்திரி திரும்பவும் அங்கே சென்று மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

நம்முடைய கிணறுகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த பகுதியில் குடிநீர்க் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த கதையை நீங்கள் அறிவீர்கள். அது உலோகமன்று, ஆயினும் சட்டப் பிரச்சினை ஒன்றே. சூழலை ஓம்பும் நோக்கத்தோடு ஒருவர் பொதுநலன் கருதித் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரில் 4ஆந் தேதி நமது உயர் நீதிமன்றம், அசுத்தப்படுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்று, மின் கம்பெனி இரண்டு கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. அனுமதியும் மேற்பார்வையும் பொறுப்பாக இருந்த அரசாங்க நிறுவனங்களின் கடமைத் தவறையும் அது சுட்டிக்காட்டியது. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நம்மில் எத்தனை பேர் அதைத் தமிழில் படித்திருக்கிறோம்? கிணற்றுக்குரியவன் தன் கிணற்றைப் பற்றிய தீர்ப்பைத் தன் மொழியில் படிக்க முடியாவிட்டால், மொழியுரிமை பற்றி நான் இன்று பேசவில்லை என்று தொடக்கத்தில் சொன்னது சரியாகாது.

நமது குடாநாட்டில் ஆறென்று சொல்லத்தக்கது வழுக்கியாறு ஒன்றே, அதுவும் மாரியில்தான். நாம் நிலத்தடி நீரை நம்பி வாழ்பவர்கள். சுண்ணக்கற்பாறை வெடிப்பினூடே ஓரிடத்தில் விட்டது இன்னோரிடத்தில் எழும். களப்புகளிலும் ஆழமில்லாக் கடலிலும் மீனும் இறாலும் பிடிக்கிறோம். பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்கும் தொழிலும், உலோகப் பூச்சுத் தொழிலும், குப்பை மேடுகளும் எங்கெங்கே நீர்நிலைக்கு அருகில் இருக்கின்றன என்ற கணக்கு எந்தக் கிராமத்தின் கையிலும் இல்லை. அபாயம் வந்துவிட்டது என்று உங்களைப் பயமுறுத்த நான் வரவில்லை. வந்தால் காட்டுவதற்கு நம்மிடம் ஏடில்லை என்றுதான் சொல்கிறேன். நீகாத்தாவில் தலைமயிரும் பாசியும் சாட்சி சொல்லின. அவற்றை ஒருவர் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தபடியால் சொல்லின.

ஆகவே இன்றைய பிரேரணையில் மூன்று பகுதிகள் உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனி மனிதருக்கு மட்டுமல்ல, அங்கத்தவரில் முக்காற்பங்கினர் பிரஜைகளாயுள்ள சங்கங்களுக்கும் உரிமை கொடுக்கிறது. நம் சங்கத்தின் பேரால், இப்பகுதியில் கழிவு வெளியேற்றச் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் யார், நிபந்தனை என்ன, கடைசியாகச் செய்த நீர்ப் பரிசோதனையின் முடிவு என்ன என்று தமிழில் எழுதிக் கேட்போம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும்; சொல்லாவிடில் ஆணைக்குழு வரை செல்லலாம். அடுத்தது, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பதிவுப் புத்தகம்: எந்தத் தேதியில், எந்தக் கரையில் மீன் செத்து மிதந்தது, எந்தக் கிணற்று நீர் நிறம் மாறியது, யார் பார்த்தார்கள், யார் ஒப்பமிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். அவர்களுடைய கையெழுத்தும் நீதிமன்றத்தில் வாசிக்கத்தக்கதாக இருக்கும்.

மூன்றாவது பகுதிதான் சச்சரவுக்குரியது. எந்தக் கம்பெனியோ இலாகாவோ நட்டஈடு என்று சொல்லாமல் உதவி, அனுதாபம், அன்பளிப்பு என்ற பெயரில் பணம் கொண்டுவந்தால், சங்கக் குழுவுக்குக் காட்டாமல் எந்தக் குடும்பமும் தனியே ஒப்பமிடுவதில்லை என்று உறுதி கேட்கிறது அது. பசித்த வீட்டிடம் இப்படி உறுதி கேட்பது எளிதல்ல. ஆகையால் அந்தக் குடும்பங்களை வழக்கு முடியும்வரை தாங்குவதற்குச் சந்தா நிதியில் ஒரு பங்கை ஒதுக்கவேண்டும் என்ற திருத்தத்தையும் சேர்த்திருக்கிறேன். சந்தா உயரும் என்று பொருளாளர் ஆட்சேபிக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. செயலாளர் அவர்கள் பிரேரணையை வாசித்ததும், பொருளாளர் முதலில் பேசட்டும், அதன்பின் வாக்கெடுப்போம்.